கண்ணுக்குத் தெரியாத டேங்க்

பழைய பி.எஸ்.ஏ., நார்ட்டன் வண்டிகளில் ஆயில் டேங்க் சீட்டுக்குக் கீழே தனியாக இருக்கும். வண்டி இருபது வருஷம் சும்மா நின்றிருந்தாலும் பரவாயில்லை. கழற்றி எடுத்து, மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போட்டுக் குலுக்கலாம். புல்லட்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. அதன் டேங்க், கிராங்க் கேஸோடு சேர்த்து வார்க்கப்பட்ட ஓர் அறை. குலுக்குவதென்றால் என்ஜினையே குலுக்க வேண்டும்.

இது திருவொற்றியூர்க்காரர்களின் யோசனை இல்லை, இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்தது. முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு ராயல் என்ஃபீல்டு செய்த ஒரு வி-ட்வினில் ஆயில் டேங்க் கண்ணாடியால் ஆனது. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதே கம்பெனிதான் பிறகு டேங்கை என்ஜினுக்குள் ஒளித்துவைத்தது. வெளியே குழாய் இல்லை, அதனால் ஒழுகாது என்று கணக்கு. (இதை ஒரு புல்லட்காரரிடம் சொல்லிப் பாருங்கள்!)

1950களில் எல்லை ரோந்துக்காக இந்திய ராணுவம் 800 புல்லட்டுகள் கேட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. என்ஜின் மட்டும் இங்கே, அதே ஒளிந்த டேங்கோடு, 2000களின் இறுதிவரை வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வடிவமைப்பு ஓர் ஆளை நம்பித்தான் இருக்கிறது: குறித்த தூரத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றும் ஆள். ராணுவத்தில் அந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் ஒருத்தர்தான் இருப்பார்.

எங்கள் வீட்டில் அது அப்பா. அவர் போனபிறகு அவருடைய 1974 வண்டி 14 வருஷம் போர்ட்டிகோவில் நின்றது. பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் செய்த வேலை, கிக்கரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டதுதான். "ஆசையில ஒரு உதை உதைச்சிருவீங்க தம்பி. அதோட பிக் எண்ட் போச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புல்லட்டில் இரண்டு பம்புகள். ஒன்று டேங்கிலிருந்து எண்ணெயை பிக் எண்டுக்கு அனுப்பும். மற்றொன்று சம்பில் வடிந்ததைத் திரும்ப டேங்குக்கு ஏற்றும். வண்டி நின்றால் எண்ணெய் பம்பு வழியே மெல்லக் கசிந்து சம்புக்கு இறங்கிவிடும். டேங்கின் அடியில் தங்குவது கசடு. அதன்மேல் இன்றைய டிடர்ஜென்ட் எண்ணெயை ஊற்றினால் கசடு இளகிக் கிளம்பி ஃபில்டரை அடைக்கும். பிக் எண்டில் இருப்பது உருளை பேரிங் அல்ல, வெறும் மிதக்கும் புஷ். எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் அது ரொம்ப நேரம் தாங்காது.

அடியிலுள்ள பிளக்குகளைக் கழற்றினோம். சம்பிலிருந்து நிறைய எண்ணெய் வந்தது. டேங்கிலிருந்து வந்தது தார். டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, வடித்து, வளைத்த கம்பியில் துணி சுற்றி ஊற்றும் வாய் வழியாகத் துழாவினோம். மூன்று நாள், மூன்று தடவை. முழுச் சுத்தம் வேண்டுமென்றால் கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டும். அது அவசியமா என்பதைக் கசடே சொல்லும் என்றார். விரலில் தேய்த்தபோது மினுமினுப்பு தெரிந்தது. காந்தத்தைக் காட்டினேன். ஒட்டியது கொஞ்சம் இரும்புத் தூள், அவ்வளவுதான் மினுமினுப்பே. ஒட்டாமல் வெள்ளையாக ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அது புஷ்ஷின் மேல்பூச்சு, என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். இருக்கவில்லை.

ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்தோம். அண்ணன் பையிலிருந்து கிக்கரை எடுத்துத் தந்தார். ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு மெதுவாக மிதித்தேன். நாற்பதாவது மிதியில் அங்கே ஒரு துளி எட்டிப் பார்த்தது. பெட்ரோல் டேங்கை இன்னும் திறந்து பார்க்கவில்லை.