சிகரட் பொதிக்குள் ஒரு சித்திரம்

1880களில் அமெரிக்கச் சிகரட் கம்பனிகள், பொதிகள் நசுங்காதிருக்கத் தடித்த அட்டையொன்றை உள்ளே வைத்தன. அதிற் பேஸ்போல் வீரரின் உருவத்தைப் பொறித்தபோது அது விளம்பரமுமாயிற்று. 1890இல் ஜேம்ஸ் டியூக்கின் தலைமையில் ஐந்து கம்பனிகள் ‘அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி’யாக இணைந்தன, போட்டி ஒடுங்கியது, அட்டைகளும் அருகின. 1909 முதல் 1911 வரை அக்கம்பனியே 500க்கும் மேற்பட்ட அட்டைகளை, நிறத்துக்கொரு தடவையாக அச்சேற்றும் கல்லச்சு முறையில் பதிப்பித்து, பல்வேறு சிகரட் வகைகளுடன் விநியோகித்தது.

பிட்ஸ்பர்க் அணி வீரர் ஹோனஸ் வாக்னர் தம் உருவத்தைப் பயன்படுத்த இசையவில்லை. அவரது அட்டை நிறுத்தப்பட்டது. சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பாமையே காரணமென்பர் சிலர். பணமே காரணமென்பர் வேறு சிலர். எஞ்சிய அட்டைகளுள் ஒன்று 2022இல் 70 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. விற்பனைக்கு இசையாத ஒருவரின் மறுப்பையே சந்தை ஈற்றில் விலைப்பொருளாக்கிற்று எனலாம்.