சோத்தாங்கை

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்காரவைத்தால் அப்பா வலது கையைத் தோள்வரை தூக்கிவிடுவார். பந்தைப் பிடிப்பார், விடுவார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கை மடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபேன் சுவிட்ச், செல்போன், டம்ளர், சட்டை பட்டன் எல்லாமே இடது கைதான். சாப்பாடும் இடது கையில், ஸ்பூனால். பீச்சாங்கையில் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"அதான் தூக்க முடியுதுல்லப்பா, அந்தக் கையால சுவிட்சப் போடுங்களேன்" என்றால், "வரலம்மா, விடு" என்பார். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். சண்டைகூடப் போட்டேன்.

அது சோம்பல் இல்லை என்று எனக்குப் புரியவைத்தது நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை. அதில் பாதி குரங்குகளின் கதை.

1895ல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்ற இருவர், குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டினார்கள். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. தொடு உணர்வு போனால் நாமாக நினைத்துச் செய்யும் அசைவும் போய்விடும் என்று முடிவு கட்டினார்கள். ஷெரிங்டன் பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது?

அறுபது வருடத்துக்கும் மேல் கழித்து அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் அதே அறுவைசிகிச்சையைச் செய்துவிட்டு, கூடுதலாக ஒன்று செய்தார். குரங்கின் நல்ல கையைக் கட்டிப்போட்டார். வேறு வழியில்லாமல் குரங்கு 'செத்த' கையை நீட்டித் தீனியை எடுத்தது.

டாப் கொடுத்த விளக்கம் இது. அறுவைசிகிச்சை முடிந்த கொஞ்ச நாளைக்குக் கை உண்மையிலேயே வராது. குரங்கு முயன்று பார்க்கும், தீனி நழுவும், அதுவே விழும். நல்ல கையால் முயன்றால் வேலை நடக்கும். ஒவ்வொரு தோல்வியும் 'இந்தக் கை வேண்டாம்' என்று சொல்லிக்கொடுக்கும். பிறகு கையில் தெம்பு திரும்பும். ஆனால் அது திரும்பியதைக் கண்டுபிடிக்க யாரும் முயல்வதில்லை. கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்று இதற்குப் பெயர் வைத்தார். பக்கவாதம் வந்தவர்களிடமும் மூளைச் சேதத்தின் மேல் இந்தப் பழக்கமும் சேர்ந்திருக்கலாம் என்றார்.

இங்கே கதை அசிங்கமாகிறது. 1981ல் மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த டாபின் ஆய்வகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த அலெக்ஸ் பசேகோ, பீட்டா அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அழுக்குக் கூண்டுகளையும் காயம்பட்ட குரங்குகளையும் படம் எடுத்துப் போலீசுக்குக் கொடுத்தார். 17 குரங்குகள் பறிமுதல் செய்யப்பட்டன. டாபுக்கு எதிரான தீர்ப்பு 1983ல் ரத்தானது. மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது என்பதுதான் காரணம். அந்தப் படங்களைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் கைக்கு நான் தேடிய பதில் அந்தக் கூண்டுகள் வழியாகத்தான் வந்திருக்கிறது.

டாப் பிறகு அலபாமாவுக்குப் போனார். 1993ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் சிகிச்சை பெற்றவர்கள் வெறும் 4 பேர். விழித்திருக்கும் நேரமெல்லாம் நல்ல கையைத் தூளியில் போட்டு, பலவீனமான கைக்கு இரண்டு வாரம் பயிற்சி. 2006ல் ஸ்டீவன் உல்ஃப் தலைமையில் 222 பேரிடம் நடந்த பெரிய ஆய்வும் இந்த முறை பலன் தருவதைக் காட்டியது. ஒரு நிபந்தனை உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிய வேண்டும். துளியும் அசையாத கைக்கு இது ஆகாது.

இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் மருத்துவமனைக்கு வெளியே நடப்பதைக் கேட்டதுதான். லைட் போட்டீர்களா, டிராயரைத் திறந்தீர்களா, எத்தனை தடவை, எவ்வளவு சரியாக என்று ஒரு கேள்விப் பட்டியல். ஸ்பூனும் சாண்ட்விச்சும் அதில் இருக்கின்றன. சோறு பிசைவது இல்லை. அதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். அப்பாவின் இடது கைக்கு அடுப்படிக் கையுறை. நடக்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பிடித்துக்கொள்ள அந்தக் கை வேண்டும். முதல் நாள் டம்ளர் உருண்டது. மூன்றாம் நாள் கோபத்தில் கையுறையைக் கழற்றி எறிந்தார். "என்னங்க, சின்னப் புள்ள மாதிரி" என்று அம்மா எடுத்து மாட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து மாதம் தோற்ற கையிடம் எப்படிச் சண்டை போடுவது?

பத்தாம் நாள் ஒரு இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோனார். பாதி சட்டையில். ஒரு இட்லிக்கு இருபது நிமிஷம். சுவிட்சை இன்னும் சில நாள் இடது கையால்தான் போடுகிறார்.

அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். போவதா வேண்டாமா என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அம்மாவிடம், "பந்தியில ஓரத்துல எடம் கிடைக்குமா?" என்று கேட்டார்.