மின் நுகர்வோர் முறையீடு (இந்தியா)
மின்கட்டணப் பட்டியலில் பிழை இருந்தால் ஒழுங்குமுறை ஆணையத்திடமே முறையிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வகுத்த வழி வேறு: முதலில் விநியோக நிறுவனம் அமைக்கும் குறைதீர் மன்றம், அங்கு நியாயம் கிட்டாவிட்டால் மாநில ஆணையம் நியமிக்கும் மின்குறை தீர்ப்பாளர். மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2007இல் இதை உறுதிசெய்தது. புகாருக்கு உள்ளான நிறுவனமே மன்றத்தை அமைப்பது முறையா என்ற ஆட்சேபம் வலுவானதுதான். தீர்ப்பாளரின் நியமனம் அந்நிறுவனத்தின் கையில் இல்லை என்பதே அதற்கான பதில்.

கட்டண நிர்ணயத்திலோ நுகர்வோர் ஆணையத்திடம் நேரடியாகப் பேசலாம். பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்தே 120 நாள்களுக்குள் ஆணையிட வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. இது வெறும் சடங்கு என்பாருண்டு. ஆனால் எழுத்தில் தந்த ஆட்சேபத்தை ஆணையம் புறக்கணித்தால், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அதுவே வாதமாகும்.