வட்டைக்கு நீர் தரும் வனம்

சம்மாந்துறை, கல்முனை வட்டைகளில் வேளாண்மை செய்வோர் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்திருப்பார்கள். அத்தண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு, நேயர்களே!

நம்மவர் பட்டிப்பளை ஆறு என வழங்கியதே கல்லோயா. 1949இல் டி. எஸ். சேனநாயக்க அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவி, இங்கினியாகலையில் ஆற்றை மறிக்கத் தொடங்கியது. 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. அணைக்குக் கீழே பெருங்காடு வயலுக்கும் குடியேற்றத்துக்குமாக வெட்டப்பட்டது.

மேலேயுள்ள காட்டையும் வெட்டியிருந்தால்? வேர்கள் பிடித்துவைத்த மண் மழையோடு இறங்கிக் குளத்தைத் தூர்த்துவிடும். எனவே 1954இல், நீரேந்து பகுதியில் ஏறத்தாழ 25,900 ஹெக்டயர் நிலம் கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. யானைக்காக மட்டுமன்றி நெல்லுக்காகவும் காக்கப்பட்ட காடு அது.

அங்கே தீவுக்குத் தீவு நீந்தும் யானையை வியக்கிறோம். கதிர் முற்றும் வேளையில் யானை வட்டைக்குள் இறங்கினால் வனத்தையே சபிக்கிறோம். அக்கோபம் நியாயமானதே. வனங்காக்கும் சுமை முழுவதையும் ஏழை விவசாயியின் தலையில் ஏற்றலாகாது. ஆயினும், அவ்வனம் அழியுமானால் யானைக்கு முன் நமது வாய்க்காலே வாடும்.