சேம்பர்லேன் எதிர் சர்ரே பள்ளி மாவட்டம்

சேம்பர்லேன் எதிர் சர்ரே பள்ளி மாவட்டம் இலக்கம் 36 என்பது 2002 ஆம் ஆண்டு டிசம்பர் 20 ஆம் நாள் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு ஆகும். இரண்டு தாய்மாரையோ இரண்டு தந்தையரையோ கொண்ட குடும்பங்கள் இடம்பெறும் மூன்று சிறுவர் படக்கதை நூல்களைப் பாலர் வகுப்பிலும் முதலாம் வகுப்பிலும் பயன்படுத்த ஒரு பள்ளிச் சபை ஒப்புதல் மறுத்தது. அம்மறுப்பு சட்டப்படி செல்லுமா என்பதே வழக்கில் எழுந்த கேள்வி. ஏழு நீதிபதிகள் செல்லாது என்றும், இருவர் செல்லும் என்றும் முடிவு செய்தனர். தொடக்கப் பள்ளி வகுப்பறையில் பாலியல் நாட்டம் பற்றிப் பேசலாமா, அதை முடிவு செய்பவர் பெற்றோரா பள்ளியா என்னும் விவாதத்தில் இது ஒரு முக்கிய தீர்ப்பாகக் கருதப்படுகிறது.

பின்னணி

சர்ரே, கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில் வான்கூவர் நகருக்கு அருகில் அமைந்த ஒரு நகரம் ஆகும். பல்வேறு இனங்களையும் சமயங்களையும் சேர்ந்த மக்கள் இங்கு வாழ்கின்றனர். தெற்காசியர், குறிப்பாகப் பஞ்சாபியர், பெருமளவில் குடியேறியுள்ளனர்.

இம்மாகாணத்தின் பாடத்திட்டம், பாலர் வகுப்பு முதலே குடும்பம் பற்றிய பாடத்தைக் கொண்டிருந்தது. குடும்பங்கள் பல வகைப்படும் என்பதைக் குழந்தைகள் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அக்காலத்தில் மாகாணக் கல்வி அமைச்சு சில நூல்களைப் பரிந்துரைத்தது. அவற்றுக்கு மேலதிகமான நூல்களுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரம், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் உள்ளூர்ப் பள்ளிச் சபைகளுக்கு இருந்தது. ஒப்புதல் பெற்ற நூலைப் பயன்படுத்துவதா இல்லையா என்பது ஆசிரியரின் விருப்பமாக இருந்தது.

மாகாணப் பள்ளிச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகள் முற்றிலும் சமயச் சார்பற்ற கொள்கைகளின்படி நடத்தப்பட வேண்டும் என்றும், உயர்ந்த ஒழுக்கநெறி கற்பிக்கப்பட வேண்டும் என்றும், எந்தச் சமயக் கோட்பாடும் கற்பிக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. வழக்கின் மையமாக அமைந்தது இப்பிரிவே.

மூன்று நூல்கள்

பாலர் வகுப்பு ஆசிரியரான ஜேம்ஸ் சேம்பர்லேன் 1996-97 கல்வியாண்டில் பின்வரும் நூல்களுக்கு ஒப்புதல் கோரினார்.

* ஆசாஸ் மம்ஸ்: பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவத்தில் தன் இரு தாய்மாரின் பெயரும் இருப்பதால் ஆசா என்னும் சிறுமி எதிர்கொள்ளும் சிக்கலைக் கூறுவது.
* பெலிண்டாஸ் புக்கே: உடல் பருமனுக்காகக் கேலி செய்யப்பட்ட சிறுமிக்கு, நண்பனின் இரு தாய்மாரில் ஒருவர் பூக்களை எடுத்துக்காட்டி ஆறுதல் கூறுவது.
* ஒன் டாட், டூ டாட்ஸ், பிரவுன் டாட்ஸ், புளூ டாட்ஸ்: பலவகைத் தந்தையரைப் பற்றி எதுகையுடன் அமைந்த வேடிக்கை நூல்.

இம்மூன்றிலும் பாலுறவு பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. ஒருபால் இணையர் பெற்றோராகக் காட்டப்படுவது மட்டுமே சர்ச்சைக்குக் காரணமாயிற்று.

பள்ளிச் சபையின் முடிவு

1997 ஏப்ரல் 24 அன்று சபை இந்நூல்களுக்கு ஒப்புதல் மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சபை முன்வைத்த காரணங்களைப் பின்வருமாறு சுருக்கலாம்.

* பாடத்திட்டத்தை நிறைவேற்ற இந்நூல்கள் தேவையில்லை.
* ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இவ்விடயம் ஏற்றதல்ல.
* சமய, ஒழுக்கக் காரணங்களால் பெற்றோர் பலர் இதை எதிர்க்கின்றனர். வீட்டில் ஒன்றும் பள்ளியில் வேறொன்றும் கேட்கும் குழந்தை குழப்பமடையும்.

கீழ் நீதிமன்றங்கள்

சேம்பர்லேனும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், 1998 டிசம்பரில் மாகாண உயர் நீதிமன்றம் சபையின் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்தது. சமயக் கருத்துகள் தீர்மானத்தில் பெரும் பங்கு வகித்தன என்பதால் அது 76 ஆம் பிரிவை மீறுகிறது என நீதிபதி மேரி சாண்டர்ஸ் கருதினார். 2000 ஆம் ஆண்டில் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முடிவை மாற்றி, சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

பெரும்பான்மைத் தீர்ப்பைத் தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் எழுதினார். நீதிபதி லெபெல் தனியாக எழுதிய தீர்ப்பில் அதே முடிவுக்கு வந்தார்.

சமயச் சார்பின்மை என்பது சமய நம்பிக்கை உடையோர் பொது விவாதத்தில் பங்கேற்பதைத் தடுப்பதன்று எனப் பெரும்பான்மையினர் விளக்கினர். பெற்றோரின் சமயக் கவலைகளைச் சபை கேட்கலாம். ஆயினும் ஒரு பிரிவினரின் நம்பிக்கையைக் காரணமாகக் கொண்டு, மற்றொரு பிரிவினரின் சட்டப்படியான குடும்ப வாழ்வுக்குச் சம மதிப்பை மறுக்க முடியாது. சபை அவ்வாறு செய்ததுடன், ஒருபால் பெற்றோரின் குழந்தைகளது தேவைகளையும், நூல் தேர்வு குறித்த தன் சொந்த விதிமுறையையும் கருத்தில் கொள்ளவில்லை.

குழப்பம் என்னும் வாதத்தையும் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. பன்முகச் சமூகத்தில் தம் வீட்டு வழக்கத்துக்கு மாறான வழக்கங்களைக் குழந்தைகள் நாள்தோறும் காண்கின்றனர். அதைத் தவிர்க்கவும் முடியாது, அது தீங்கானதும் அன்று. சகிப்புத்தன்மையைக் கற்பதற்கு எவ்வயதும் ஏற்றதே என்பது அவர்களின் நிலைப்பாடு.

நூல்களை வகுப்பில் பயன்படுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடவில்லை. சரியான அளவுகோல்களின்படி மீண்டும் பரிசீலிக்குமாறு சபைக்கே திருப்பி அனுப்பியது. நிருவாகச் சட்டத்தின் அடிப்படையிலேயே தீர்ப்பு அமைந்ததால், கனடிய உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் பட்டயம் மீறப்பட்டதா என்னும் கேள்விக்கு அது விடை கூறவில்லை.

மாறுபட்ட தீர்ப்பு

நீதிபதி கோந்தியே எழுதி, நீதிபதி பாஸ்டராஷ் உடன்பட்ட தீர்ப்பு, பெற்றோரின் முதன்மை உரிமையை வலியுறுத்தியது. பெற்றோர் தம் அதிகாரத்தின் ஒரு பகுதியையே பள்ளிக்கு ஒப்படைக்கின்றனர். எனவே மிக இளம் வயதினரிடம் சர்ச்சைக்குரிய பொருளைத் தவிர்த்து, பிற்காலத்துக்கு விட்ட சபையின் முடிவு நியாயமானதே என்றனர். ஒருவரைப் பாகுபாட்டிலிருந்து காப்பதும், அவரது வாழ்க்கை முறையை ஒழுக்க அளவில் ஏற்குமாறு பிறரைக் கோருவதும் வெவ்வேறு என்பது அவர்களின் வாதம்.

தீர்ப்புக்குப் பின்

2003 ஆம் ஆண்டில் சபை மூன்று நூல்களையும் மீண்டும் நிராகரித்தது. இம்முறை இலக்கணம், எழுத்துப் பிழை போன்ற காரணங்கள் கூறப்பட்டன. பின்னர், ஒருபால் பெற்றோரைக் காட்டும் வேறு இரு நூல்களுக்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே சேம்பர்லேன் கேட்ட நூல்கள் வகுப்புக்கு வரவில்லை. ஆனால் அவற்றின் பொருள் வந்தது.

2012 ஆம் ஆண்டில், கியூபெக் மாகாணத்தின் அறவியல் மற்றும் சமயப் பண்பாட்டுப் பாடத்திலிருந்து தம் பிள்ளைகளுக்கு விலக்குக் கோரிய பெற்றோரின் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது இத்தீர்ப்பை எடுத்துக்காட்டியது.

பிற நாடுகளில்

* ஐக்கிய இராச்சியம்: தற்பாலீர்ப்பை உள்ளூராட்சி அமைப்புகள் ஊக்குவிப்பதைத் தடை செய்த 28 ஆம் பிரிவு 1988 இல் நடைமுறைக்கு வந்தது. இசுக்கொட்லாந்தில் 2000 இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 இலும் நீக்கப்பட்டது.
* ஐக்கிய அமெரிக்கா, புளோரிடா: 2022 ஆம் ஆண்டுச் சட்டம், பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பாலியல் நாட்டம், பாலின அடையாளம் பற்றிக் கற்பிப்பதைத் தடை செய்தது. 2023 இல் தடை மேல்வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2024 இல் ஏற்பட்ட வழக்குச் சமரசம், பாடமாகக் கற்பிப்பதற்கே தடை, பேச்சில் குறிப்பிடுவதற்கு அன்று என்று தெளிவுபடுத்தியது.
* ஐக்கிய அமெரிக்கா, மேரிலாந்து: மக்மூத் எதிர் டெய்லர் வழக்கில், 2025 சூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பெற்றோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்கு நடக்கும் காலத்தில், இத்தகைய கதைநூல்கள் வாசிக்கப்படும் முன் பெற்றோருக்கு அறிவித்து, அவர்கள் விரும்பினால் பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்றது.

இவ்விரு உச்ச நீதிமன்றங்களின் முன்னும் இருந்தவை சிறுவர் கதைநூல்களே. ஆயினும் கேள்விகள் வேறானவை. கனடிய வழக்கு, நூலை வகுப்பிலிருந்து விலக்கும் சபையின் அதிகாரத்தைப் பற்றியது. அமெரிக்க வழக்கு, தம் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கும் பெற்றோரின் உரிமையைப் பற்றியது.