மேய்ச்சல் இழந்த கடல்

எந்த அழிவைப் பற்றி எழுதினாலும் கடைசியாக நிகழ்ந்ததையே காரணமாகக் காட்டிவிடுவது பத்திரிகையாளரின் பழைய பலவீனம். நானும் அதற்கு விலக்கல்லன். ஜமெய்க்காவின் பவளப்பாறைகள் அழிந்த வரலாற்றைப் படித்தபோது அந்தப் பலவீனமே என் நினைவுக்கு வந்தது.

கரீபியன் கடலில் நீண்ட கறுப்பு முட்களைக் கொண்ட கடல் முள்ளெலி ஒன்று உண்டு. டயடீமா அன்டிலாரம் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பகலில் பாறை இடுக்குகளில் ஒதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து பாசி மேயும் உயிரினம் அது. சென் குறோய் தீவில் பாறைத் திட்டுகளைச் சுற்றிக் காணப்பட்ட வெறும் மணல் வளையங்கள் இந்த முள்ளெலிகளின் இரவு மேய்ச்சலால் உண்டானவை என்பதை ஜோன் ஒக்டனும் அவரது சகாக்களும் 1973இல் எடுத்துக்காட்டினர்.

பாறையில் ஒட்டிப் படரும் மென்மையான இளம் பாசியே அதற்கு உகந்த உணவு. முற்றித் தடித்த பாசிகளை அது அவ்வளவாக நாடுவதில்லை. பவளப்பாறையின் வாழ்வு இந்த விருப்பத்திலேதான் தங்கியிருந்தது. பாசி முளையிலேயே மேயப்பட்டதால், இளம் பவளங்கள் பற்றி வளர்வதற்கு வெறும் பாறை எஞ்சியது.

ஆனால் முன்பு மேய்ச்சற்காரர் வேறு பலரும் இருந்தனர். கிளிமீன் போன்ற பாசியுண்ணி மீன்களும் இதே பணியைச் செய்துவந்தன. ஜமெய்க்காவின் வடகரையில் மீன்கூடுகள் பெருகின. 1960களின் இறுதிக்குள் அங்கு மீன்வளம் 80 வீதம் வரை குறைந்துவிட்டது. போட்டியாளரும் பகைவரும் அருகிவிட, முள்ளெலிகள் பெருகி மீன்களின் வேலையையும் தாமே செய்தன. பார்ப்பவர்களுக்குப் பாறை நலமாகவே தெரிந்தது. 1980இல் அலன் சூறாவளி பவளங்களை நொறுக்கிய பின்னரும் புதிய பவளங்கள் துளிர்த்தன.

1983 ஜனவரியில், பனாமாக் கால்வாயின் கரீபியன் வாயிலருகே முள்ளெலிகள் மடியத் தொடங்கின. ஹரிலாவோஸ் லெசியோஸும் அவரது சகாக்களும் அதனைப் பதிவு செய்தனர். நீரோட்டங்களின் வழியே பரவிய அந்நோய், சுமார் 13 மாதங்களில் கரீபியன் முழுவதையும் தொட்டது. சென்ற இடமெல்லாம் 93 வீதத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. ஏனைய முள்ளெலி இனங்களை அது தீண்டவில்லை. 1983இன் நோய்க்கிருமி எதுவென்பது இறுதிவரை கண்டறியப்படவில்லை.

அதன் விளைவைத் தெரன்ஸ் ஹியூஸ் 1994இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். 1977இல் 52 வீதமாயிருந்த பவளப் பரப்பு 1993இல் 3 வீதமாகச் சுருங்கியிருந்தது. 4 வீதமாயிருந்த பாசியோ 92 வீதமாகப் பெருகியிருந்தது.

தப்பிய முள்ளெலிகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தன. நீரில் விடப்படும் முட்டையும் விந்தும் சந்திப்பதே அரிதாயிற்று. அவை மெல்லப் பெருகிய இடங்களிலோ, பாசி ஏற்கெனவே முற்றிக் காடாகியிருந்தது. 2022இல் மீண்டும் ஒரு கொள்ளைநோய் வந்தது. அதற்குக் காரணம் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஒற்றைக்கல உயிரி ஒன்று என 2023இல் அறியப்பட்டது.

ஜமெய்க்காவின் பாறைகளை அழித்தது எது? கொள்ளைநோய் என்று தலைப்பிடுவது எளிது. ஆனால் நோய் வந்தபோது பாறையைக் காக்க எஞ்சியிருந்தது ஒரேயொரு காவலன்தான். மற்றைய காவலர்கள் அனைவரும் அதற்கு முன்பே, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக, மீன்கூடுகளில் கரையேறிவிட்டிருந்தனர். அந்த நாட்கள் எதிலும் செய்தி இருக்கவில்லை.