விழுந்த வளைவும் நிற்கும் கூடமும்: மைசூருவின் ஜார்ஜியக் கட்டடக்கலை குறித்துச் சில எண்ணங்கள்

மைசூருவின் கட்டடக்கலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 1912இல் நிறைவுற்ற அம்பா விலாச அரண்மனையே. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முற்பட்ட ஒரு கட்டடம் அதே நகரில் நிற்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூரு அரசவையில் அமர்த்தப்பட்ட ஆங்கிலேய ரெசிடென்ட்டுகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாளிகை அது. பின்னர் 'கவர்ன்மென்ட் ஹவுஸ்' எனப் பெயர் பெற்று, இன்று அரசு விருந்தினர் மாளிகையாக விளங்குகிறது.

டோரிக் தூண்கள், சமச்சீரான முகப்பு ஆகியவை இங்கிலாந்தின் ஜார்ஜியப் பாணியைச் சேர்ந்தவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இலண்டனின் ஜார்ஜிய வீடுகள் தம் செங்கல்லை வெளிப்படையாகக் காட்டின. தென்னிந்தியாவிலோ செங்கல் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்தது. தூரத்திலிருந்து பார்ப்போர் அதனைக் கல்லென்றே கருதினர்.

இம்மாளிகையின் பெருமை அதன் தூணற்ற விருந்துக் கூடம். அதனுடன் தொடர்புபடுத்தப்படுபவர் சென்னைப் படையின் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட். அவர் 1808ஐ ஒட்டிச் சீரங்கப்பட்டினத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் சுமார் 110 அடி அகலமுள்ள, தட்டையான செங்கல் வளைவொன்றைக் கட்டினார். காவிரியின் குறுக்கே செங்கல் பாலம் அமைக்க இயலும் என மெய்ப்பிக்கவே அதனைக் கட்டினார் என்பது ஒரு வழக்கு; விருந்துக் கூடம் குறித்த ஐயத்தைப் போக்கவே கட்டினார் என்பது மற்றொரு வழக்கு. இரண்டும் ஒன்றில் உடன்படுகின்றன: அவ்வளைவு ஒரு சான்றாகவே எழுப்பப்பட்டது.

செங்கல் அழுத்தத்தைத் தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. வளைவு தட்டையாகத் தட்டையாக, அது இருபுறமும் பக்கவாட்டில் தள்ளும் விசை மிகும். அந்த விசையை முட்டுச்சுவர்கள் தாங்கியாக வேண்டும். இக்கணக்கு பிழைக்கவில்லை. வளைவு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்று, 1930களில்தான் விழுந்தது.

டி ஹாவிலண்ட் பின்னர் சென்னை எழும்பூரில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டினார் (1818–1821). அங்கு இளகிய மண்ணில் வட்டக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார். உறைகிணறு இறக்கும் நம் தொன்மையான தொழிலறிவை அறிந்தோர்க்கு இம்முறை அந்நியமானதன்று. வரைபடத்தில் பொறியாளரின் பெயர் இருக்கிறது. சாந்து குழைத்த, கிணறு இறக்கிய கைகளின் பெயர்கள் அதில் இல்லை.

இதனை இன்று எழுதக் காரணம் உண்டு. 2012இல் மைசூருவின் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் உயிரிழந்தனர். 2016இல் தேவராஜா சந்தையின் ஒரு பகுதி சரிந்தது. அதன்பின் 'பழையது, ஆகவே இடிக்க வேண்டும்' என்ற குரல் வலுத்தது. உயிர்ப்பாதுகாப்பே முதன்மையானது, அதில் ஐயமில்லை. ஆயினும் முதுமை மட்டுமே ஒரு கட்டடத்தை வீழ்த்துவதில்லை. ஒழுகும் கூரை, சுவரில் வேர்விடும் அரசு, ஈரத்தை வெளிவிடாத சிமெண்டுப் பூச்சு ஆகியவையும் அதனை வீழ்த்துகின்றன. இடிப்பதா காப்பதா என்று முடிவெடுக்கும் முன், அந்தச் சுவர் எவ்வாறு நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களை நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்கியாக வேண்டும்.